கௌரி வந்து சொல்லட்டும்

சென்னை
12-2-1968

சம்பூர்ணம்,

வந்து சேர்ந்தேன். பழவேற்காட்டுத் துறையில் நீ கையசைத்துக்கொண்டே நின்றதைப் பஸ் திரும்பும்வரை பார்த்தேன். அம்மா கட்டிக் கொடுத்த இறால் தொக்கு விடுதியில் ஒரு வேளைகூடத் தாங்கவில்லை.

ஒன்றரை மாதம் உன் வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி, உன் ஊரையே கேள்வி கேட்டுக் குடைந்துவிட்டேன். இன்று பேராசிரியர் முன்னால் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன். கல்லிலோ செம்பிலோ வெட்டியிருந்தால்தான் அவருக்குச் சரித்திரம். நான் சொன்னேன்: "ஐயா, ஏரி முகத்துவாரத்தில் மூன்று குப்பங்கள் முறை வைத்து வலை கட்டுகின்றன. இன்று நாவல்குப்பம், நாளை பனைமேடு, மறுநாள் திட்டுக்குப்பம். அதற்குப் 'பாடு' என்று பெயர். ஒரு ஊரின் பாட்டில் இன்னொரு ஊர் வலை இறக்காது. பத்திரம் இல்லை, போலீஸ் இல்லை. இதுவும் சட்டம்தானே?" அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

கங்கையம்மன் கோயிலில் உங்கள் ஊர்த் தலைவர் தேசப்பன் ஈரத் துண்டோடு நின்று சொன்னாரே, "தாயே, நாங்க நேத்து வந்தவங்க. எங்களுக்கும் ஒரு எடம் காட்டு" என்று, அது என் காதிலேயே நிற்கிறது. அப்படியானால் நாவல்குப்பத்தார் மற்ற இரு ஊர்களுக்குப் பிறகு குடிவந்தவர்கள். ஒரு குடியேற்றத்தின் நினைவு வழிபாட்டில் தங்கியிருக்கிறது! "எழுதிக்கினியா கௌரி? அப்பறம் தப்பா எழுதிட்டு என் தலைய உருட்டாத" என்று அவர் சிரித்ததையும் எழுதி வைத்திருக்கிறேன்.

கௌரி! விடுதியில் அந்தப் பெயரில் ஒரு பெண் இருக்கிறாள். அவளைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கிறேன். கும்மிடிப்பூண்டிக் காலனி மோசஸின் மகள் கிரேஸ் என்று சொன்னால் வீட்டு வாசலையும் கோயில் வாசலையும் தாண்ட விடமாட்டார்கள் என்று நீ சொன்னாய், நானும் தலையாட்டினேன். அப்பாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை.

கிரேஸ்

*

நாவல்குப்பம்
3-3-1968

அன்புள்ள கிரேஸ்,

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் பிள்ளைகள் போட்ட கூச்சலுக்கு நடுவே படித்தேன். பயிற்சிப் பள்ளி விடுதியில் ஒரே விளக்கைப் பங்கு போட்டுப் படித்தோமே, அந்தக் கிரேஸ் இப்போது பேராசிரியரைக் கண்ணாடி கழற்ற வைக்கிறாள்! எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். 'நேத்து வந்தவங்க' என்பதை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. கோயிலில் எல்லா ஊரும் அப்படித்தான் சொல்லும். என் பெரியம்மா கன்னியம்மா பனைமேட்டில் வாழ்க்கைப்பட்டவள். அங்கேயும் தலைவர் ஈரத் துண்டோடு நின்று இதே சொல்லைத்தான் சொல்வாராம். ஏரி அம்மனுடையது, நாமெல்லாம் விருந்தாளி என்று கணக்கு. அவரவர் கோயிலில் சொல்லிவிட்டுத்தான் மூன்று ஊர் ஆண்களும் யார் வலைக்கு எந்த இடம் என்று சீட்டுப் போடக் கூடுவார்கள். அங்கே பெண்களுக்கு இடமில்லை. நீயும் நானும் நின்றது இந்தக் கோயிலில் மட்டும், அதனால் ஒரு ஊர் சொன்னதை மட்டும்தான் கேட்டோம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். போன மாதம் இன்ஸ்பெக்டர் வந்தார். "இங்கே நல்லாப் படிக்கிறவங்க யாரு?" என்று கேட்டார். ஒரு பிள்ளையும் கை தூக்கவில்லை. எல்லாம் தலையைக் குனிந்துகொண்டன. அதை வைத்து 'இந்தப் பள்ளியில் படிக்கிறவர் எவருமில்லை' என்று அவர் எழுதிக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

முடிந்தால் பனைமேட்டுக்கும் போய்க் கேட்டுவிடு. எனக்குப் பரீட்சை நேரம், கூட வர முடியாது.

அம்மா தினமும் "கௌரி எப்ப வரும்?" என்று கேட்கிறாள். உனக்கென்று எடுத்து வைத்த பாயில் வேறு யாரையும் படுக்க விடுவதில்லை. கேட்கும்போதெல்லாம் பேச்சை மாற்றுகிறேன். ஒரு நாள் சொல்லிவிடுகிறேன்.

சம்பூர்ணம்

*

நாவல்குப்பம்
22-8-1971

கிரேஸ்,

மூன்று வருடமாக நீ ஒரு வரி எழுதவில்லை. வேலை கிடைத்திருக்கும், மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். உன் புத்தகம் வந்ததை நீ சொல்லவில்லை. திருவள்ளூர் கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கையில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். இறாலைப் பனிக்கட்டியில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்த நாளிலிருந்து முகத்துவாரத்துப் பாட்டின் மேல் எல்லோருக்கும் கண். நாவல்குப்பத்துக்கு முறையே கிடையாது, அது தங்கள் தயவில் கொடுத்தது என்று பனைமேட்டார் வழக்குப் போட்டார்கள். எங்கள் வக்கீல் ஆதிகேசவன் தைரியமாகத்தான் இருந்தார். அப்போது அவர்கள் வக்கீல் உன் புத்தகத்தை விரித்துப் படித்தார்: "நாவல்குப்பத்தார் பிற்காலத்தில் இந்த ஏரிக்குக் குடிவந்தவர்கள். அவர்களுடைய வழிபாட்டு வாசகமே இதை ஒப்புக்கொள்கிறது. எழுதியவர் செல்வி மோ. கிரேஸ், எம்.ஏ., எம்.லிட்." நீதிபதி அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் சொல்லியிருந்தேனே, கிரேஸ். உதாரணத்தோடு எழுதியிருந்தேனே!

இதற்கு மேல் நடந்ததைக் கேள். வெளியே வந்ததும் தேசப்பன் மாமா கத்தினார்: "யாரு அந்த கிரேஸு? நம்ம ஊரு மண்ண மிதிச்சதே இல்ல, பேஜாரு புடிச்சவ! ஊட்ல குந்திக்கினு கத எழுதிக்கிறா. டீச்சரம்மா, நம்ம கௌரியக் கூட்டினு வா. அதுதான் கூடவே நின்னு கேட்டுச்சு. கௌரி வந்து சொல்லட்டும், இவ சொல்றது பொய்யின்னு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "எழுதிப் பார்க்கிறேன்" என்றேன்.

வீட்டில் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே அந்தக் கிரேஸின் கையைச் சபித்தாள். மூச்சு விடாமல் "கௌரிக்கு எழுதிட்டியா?" என்றும் கேட்டாள்.

இனி நான் யாருக்கு எழுத வேண்டும், நீயே சொல்.

சம்பூர்ணம்

*

சென்னை
9-9-1971

சம்பூர்ணம்,

கோபத்தைப் படித்தேன். உனக்கு அந்த உரிமை உண்டு. எனக்கும் கொஞ்சம் உண்டு.

நீ சொன்னதை எழுதினேன். ஒரு முழுப் பக்கம். பேராசிரியர் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டார். "ஒரு ஊர் தன்னைப் பற்றிச் சொன்னால் அது சான்று. அடுத்த ஊரைப் பற்றிச் சொன்னால் வதந்தி. பனைமேட்டில் நீ உன் காதால் கேட்டாயா?" என்றார். கேட்கவில்லை என்றேன். "அப்படியானால் இது ஆராய்ச்சி இல்லை, சிநேகிதம்" என்றார்.

ஏன் கேட்கவில்லை என்று உனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்த மறு மாதமே பனைமேட்டுக்குப் போனேன். நீ கூட இல்லை. நீ இல்லாத இடத்தில் நான் ஏன் கௌரியாக இருக்க வேண்டும் என்று தோன்றிற்று. துறையில் இறங்கியதும் "நான் கிரேஸ், கும்மிடிப்பூண்டி மோசஸ் மகள், பாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தேன்" என்றேன். எந்தத் தெரு என்று கேட்டார்கள். சொன்னேன். "அப்டியே நில்லும்மா" என்றார் ஒருவர். தண்ணீர் கேட்டேன். ஒரு பெண் வந்து குனியச் சொல்லி, கையில் தூக்கி ஊற்றினாள். அடுத்த படகிலேயே திரும்பி வந்துவிட்டேன். அக்கரையில் உன் ஊர் தெரிந்தது. உன் வீட்டுக்கு வரவில்லை. வந்தால் மறுபடியும் கௌரியாக வேண்டும்.

அந்தப் பக்கத்தை எடுத்தேன். எடுக்காவிட்டால் ஆய்வேடு போகாது, போகாவிட்டால் இந்த விரிவுரையாளர் வேலை இல்லை. அப்பா அப்போது எண்ணூரில் மின் நிலையம் கட்டும் இடத்தில் கலவை தூக்கிக்கொண்டிருந்தார். ஒரு வரி இப்படிக் கோர்ட்டு வரைக்கும் நடந்து போகும் என்று நான் நினைக்கவில்லை. நூலகத்து அலமாரியில் கிடக்கும் என்றுதான் நினைத்தேன்.

நான் ஒரு பக்கத்தை மறைத்தேன், சரி. ஒன்றரை மாதம் நீ ஒரு ஆளையே மறைத்தாய். வசதிக்காக ஒன்றை விட்டுவிடலாம் என்பதை நான் பல்கலைக்கழகத்தில் கற்கவில்லை, சம்பூர்ணம். உன் வீட்டில்தான் கற்றேன்.

கிரேஸ்

*

நாவல்குப்பம்
26-9-1971

கிரேஸ்,

கடைசி வரியை மட்டும் பல தடவை படித்தேன். வகுப்புக்குப் போய்க் கழித்தல் கணக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பாதியில் நின்றுவிட்டேன். பிள்ளைகள் "டீச்சர்... டீச்சர்..." என்று கூப்பிட்டன.

பனைமேட்டில் நடந்ததை அன்றைக்கே எனக்குச் சொல்லியிருக்கலாம். பெரியம்மாவிடம் போய்ச் சண்டை போட்டிருப்பேன். இல்லை, போட்டிருக்க மாட்டேன் என்று நீ நினைத்திருக்கிறாய். அதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆனாலும் இரண்டையும் நீ ஒரே தட்டில் வைப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் பெயரை மாற்றியது உன்னை உள்ளே அழைத்து வர. நீ பக்கத்தை எடுத்தது எங்களை வெளியே தள்ளிவிட்டது. என் தம்பி பூவராகவனுக்குப் போன தையில்தான் தனி வலை ஆயிற்று. முறை போய்விட்டால் அவனுக்கும் அவன் வயதுப் பையன்களுக்கும் ஓரத்துச் சேறுதான் மிச்சம். அதற்குப் பிறகு கும்மிடிப்பூண்டிப் பக்கம் கூலிக்குப் போக வேண்டும். அந்த வாழ்க்கை என்னவென்று உன் அப்பாவைவிட யார் எனக்குச் சொல்லப் போகிறார்கள்?

வக்கீல் ஆதிகேசவனிடம் பேசினேன். "அந்த வரியை எழுதின கையே வந்து அழித்தால்தான் அழியும்" என்கிறார். நவம்பர் பதினெட்டாம் தேதி வாய்தா. அந்த வாசகத்துக்கு என்ன அர்த்தம், எதை நீ கேட்கவில்லை, அதை மட்டும் வந்து சொல். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

கெஞ்சுவதாக வைத்துக்கொள்.

சம்பூர்ணம்

*

சென்னை
10-10-1971

சம்பூர்ணம்,

வருகிறேன்.

என் புத்தகத்தில் பிழை இருக்கிறது என்று நானே கூண்டில் ஏறிச் சொன்னால் இங்கே என் நிலைமை என்னவாகும் என்று பேராசிரியர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். அதை உனக்கு எழுதி உன்னைக் கடன்காரி ஆக்க விரும்பவில்லை. பிழை பிழைதான். அச்சில் வந்துவிட்டதால் அது சரியாகிவிடாது.

ஆனால் 'வேறெதுவும் சொல்ல வேண்டாம்' என்று எழுதியிருக்கிறாயே, அது என் கையில் இல்லை. சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கேட்பார்கள். கூண்டில் ஏறப்போவது கிரேஸ். தகப்பன் பெயரும் ஊரும் கேட்பார்கள், சொல்வேன். எந்தப் பெயரில் தங்கினாய் என்று கேட்டால் அதையும் சொல்வேன்.

அதனால் ஒரே ஒரு காரியம் செய். வாய்தாவுக்கு முன்னால் உன் அம்மாவிடமும் தேசப்பன் மாமாவிடமும் நீயே சொல்லிவிடு. கோர்ட்டு வாயிலாக அவர்கள் என்னைத் தெரிந்துகொள்ள வேண்டாம். உன் வாயால் தெரிந்துகொள்ளட்டும். அது எனக்காக.

கிரேஸ்

*

நாவல்குப்பம்
19-3-1972

அன்புள்ள கிரேஸ்,

நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்று தள்ளினேன். வாய்தா அன்று டவாலி "மோசஸ் மகள் கிரேஸ்!" என்று கூப்பிட்டதும், எங்கிருந்து அந்தச் சண்டாளி வருகிறாள் என்று மாமா எட்டி எட்டிப் பார்த்தார். நீ படி ஏறினாய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சரம்மா, நம்ம கௌரி ஏறுது! இன்னாடா இது, ஆள மாத்திக் கூப்ட்டாங்களா?" என்றார். நீ தகப்பன் பெயர் சொன்னாய், காலனி பெயர் சொன்னாய். அவர் பிடி தளர்ந்ததை இப்போதும் என் கையில் உணர்கிறேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் உன்னை விடவில்லை. மாமா சொன்னது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "நாவல்குப்பத்தில் எந்தப் பெயரில் தங்கினீர்கள்?"

"கௌரி."

"பொய்ப் பெயர்?"

"ஆமாம்."

"யார் வைத்தது?"

நீ என்னைப் பார்த்தாய். நானேதான் வைத்துக்கொண்டேன் என்று சொல்வாய் என ஒரு கணம் ஆசைப்பட்டேன். "சம்பூர்ணம் டீச்சர்" என்றாய்.

"பெயரிலேயே பொய் சொன்னவர் எழுத்தில் மட்டும் உண்மை சொல்வாரா?"

"என் எழுத்தில் உண்மை குறைந்ததைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கௌரி என்று சொன்ன ஊரில் கோயிலுக்குள் விட்டார்கள். கிரேஸ் என்று சொன்ன பனைமேட்டில் துறையிலேயே நிறுத்தினார்கள். அதனால் அங்கே என்ன சொல்லிக் கும்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே எழுதினேன். அந்த வரி செல்லாது."

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பனைமேட்டுத் தலைவரைக் கூண்டுக்கு அழைத்தார். "உங்கள் கோயிலில் என்ன சொல்வீர்கள்?" அந்த மனிதர் வக்கீலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். கங்கையம்மன் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்திருந்தார், பாவம். "அதேதாங்க. நேத்து வந்தவங்கன்னுதான் சொல்லுவோம்" என்றார்.

போன வாரம் தீர்ப்பு. எங்கள் முறை எங்களுக்கே. ஊரில் வெடி வெடித்தார்கள்.

இனி எழுதப்போவதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது.

தீர்ப்பு வரும்வரை பொறுத்திருந்த ஊர் மறுநாள் கூடியது. மாமா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு. அது வராட்டி நமக்கு ஏரி இல்ல. நான் இல்லன்னு சொல்லல. ஆனா கோயிலு வேற, கோர்ட்டு வேற. கங்கையம்மா மொகத்துல நான் எப்டி முழிப்பேன்?" கோயிலில் நீ நின்ற இடத்தைக் கழுவ வேண்டும், வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் என்று முடிவு செய்தார்கள். கொண்டு வராத வீட்டுக்குப் பாட்டில் முறை இல்லை.

நான் எழுந்து பேசினேன். "அவளால் வந்த முறையை அவள் நின்ற மண்ணைக் கழுவித்தான் வாங்க வேண்டுமா?" என்று கேட்டேன். யாரோ ஒருவன், "கூட்டினு வந்ததே நீதான டீச்சரே, குந்து" என்றான். உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நீ சாப்பிட்ட தட்டை ஏரியில் போடச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். பூவராகவன் வலையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

எங்கள் வீட்டுக் குடத்தை நான்தான் தூக்கினேன், கிரேஸ்.

நீ சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. அந்த உண்மையால்தான் ஜெயித்தோம். ஆனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நீ வேறு பதில் சொல்லியிருக்கலாமே என்று என் மனம் இன்னும் கேட்கிறது. குடத்தைத் தூக்கியவளுக்கு அப்படிக் கேட்க என்ன யோக்கியதை என்றும் கேட்கிறது.

திட்டி ஒரு வரியாவது எழுது.

சம்பூர்ணம்

*

சென்னை
4-4-1972

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தீர்ப்பு தங்கள் ஊருக்குச் சாதகமானதில் மகிழ்ச்சி.

என் நூலின் அந்த அதிகாரத்தைத் திருத்தி எழுதி வருகிறேன். பேராசிரியர் வேண்டாம் என்கிறார். வேறு பதிப்பாளரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு ஊர்களும் ஒரே வாசகத்தைச் சொல்வது நீதிமன்றப் பதிவிலேயே இருப்பதால் இனி அதை யாரும் வதந்தி என்று தள்ள முடியாது. ஏரி அம்மனுடையது, மனிதர் எல்லோரும் நேற்று வந்தவர்கள் என்று நம்புகிற மக்கள் என்று எழுதியிருக்கிறேன். அதற்கு அடுத்த பத்தியில் கோயில் கழுவப்பட்டதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த அதிகாரம் மறுபடியும் பாதி உண்மையாகிவிடும்.

அதற்குச் சில விவரங்கள் தேவைப்படுகின்றன. முதல் தண்ணீரை ஊற்றியவர் யார்? ஊற்றும்போது என்ன சொல்லி ஊற்றினார்கள்? சொன்ன சொல் அப்படியே வேண்டும். அங்கே நின்றவர்களில் எனக்கு எழுதக்கூடியவர் தாங்கள் ஒருவர்தான்.

அம்மா எழுந்து நடமாடுகிறார்கள் என்று நம்புகிறேன்.

மே மாத இறுதிவரை பதிலுக்குக் காத்திருப்பேன். வராவிட்டால், 'கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை' என்று அடிக்குறிப்பில் சேர்த்துவிடுவேன். ஆராய்ச்சியில் அதுவும் ஒரு சான்றுதான்.

இப்படிக்கு,
மோ. கிரேஸ்